வேலி தாண்ட மறுக்கும் உன் அப்பா

ஆயில் கிரீக், பென்சில்வேனியா
1866 அக்டோபர் 11

என் லெமுவேலுக்கு,

மினசோட்டாக் குளிரில் நீயும் மருமகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. மூன்று வாரமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, எழுத உட்கார்ந்தாலே ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. உன் அப்பா செய்திருக்கும் காரியத்தைக் கேள். கோடையிலிருந்தே நம் எண்ணெய்க் கிணற்றில் வரத்து குறைந்துகொண்டு வந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் ஹல்டாவின் கிணற்றில் குறையவில்லை. புருஷனைப் போரில் பறிகொடுத்துவிட்டு மூன்று பெண்களோடு அவள் அந்த ஒரு கிணற்றை நம்பித்தான் இருக்கிறாள். உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "நம்ம எண்ணெயத்தான்டி அவ உறிஞ்சுறா, எண்ணெய் எடுக்குற மரக்கோபுரத்த வேலிய ஒட்டி நட்டிருக்கா பாரு" என்று மூன்று வேளையும் இதே பாட்டு. முதலில் வேலியோரம் கோபுரம் நட்டது யாராம்? இவர்தானே!

போன மாதம் ஒரு காலை அந்தக் கடுப்பில் யாரிடமும் சொல்லாமல் நம் கிணற்றில் இறக்கியிருந்த எண்ணெய்க் குழாயை மேலே இழுத்துவிட்டார். அதைச் சுற்றி நீயும் நானும் தைத்த ஆளி விதைப் பை இருந்ததே, ஊறிப் பருத்து மேல்தண்ணீர் பாறைக்குள் இறங்காமல் அடைத்தது அது ஒன்றுதான். குழாயைத் தூக்குமுன் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும். கேட்டதற்கு, "என் கிணறு, என் குழாய், எவகிட்ட கேக்கணும்?" என்றார். அடைப்பு போனதும் தண்ணீர் பாறை வழியே பரவி, மறுநாள் மத்தியானம் ஹல்டாவின் கிணற்றிலும் வெறும் தண்ணீர்தான் வந்தது. நம்முடையதும் போச்சு.

இனி புதுப் பை இறக்கி இரண்டு கிணற்றிலும் சேர்ந்தாற்போல வாரக்கணக்கில் தண்ணீரை இறைத்தால்தான் உண்டு, ஒருவர் மட்டும் இறைத்து மாளாது. அதையும் உறைபனிக்கு முன்னால் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹல்டா கிணற்றைக் கைகழுவிவிட்டு ஒஹாயோவில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "உங்க வீட்டுக்காரரு வாசல்ல வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்க்கா, அந்த நிமிஷமே தண்ணி எறைக்க என்ஜினுக்கு அடுப்பு மூட்டுறேன்" என்றாள். இவரோ, "நான் போயி அவ கால்ல விழணுமா?" என்று குதிக்கிறார். காலில் விழ யார் சொன்னார்கள்? பிரசங்கியார் சொல்லியும் கேட்கவில்லை. இந்த மனுஷனோடு முப்பது வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினேனோ!

திங்கட்கிழமை நம் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டேன். மாவு, உப்புக்கண்டம், சட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி ஹல்டா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், சமையல் இங்கேதான். சாப்பாடு வேண்டுமானால் வேலி தாண்டி வந்து, வாசலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்காரட்டும். மூன்று நாளாகப் பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நீ அவருக்குப் பரிந்துகொண்டு ஒரு வரி எழுதினாயோ, உன்னோடும் பேசமாட்டேன்.

மருமகளைப் பாரம் தூக்க விடாதே. கம்பளிச் சட்டை போடாமல் வயலுக்குப் போகாதே. இருவரும் நீடூழி நன்றாயிருங்கள்.

இதோ, வேலியோரம் வந்து நிற்கிறார். ஹல்டா பாவம் பார்த்துக் கதவைத் திறக்கப் போனாள், கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டேன். அவர் இன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

உன் அம்மா,
பெர்மீலியா