கம்பி விட்ட தண்ணீர்

மே 6, செவ்வாய்

வில்லாபுரம் அடுக்குமாடியில் இன்று பாதி வீட்டுக்கு மேல் நம் தண்ணீர் கேன் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கொண்டுபோன தண்ணீரை என்னிடம் கேன் போடுகிற காளை அப்படியே குட்டியானை வண்டியில் திருப்பிக் கொண்டுவந்தான்.

"நம்ம தண்ணி சாக்கடையாம்ணே. வீடியோ எடுத்து வச்சிருக்காங்க."

எட்டு வருஷமாக அங்கே தண்ணீர் போடுகிறேன். லிஃப்ட் நின்ற நாளெல்லாம் இந்தக் காளைதான் ஐந்தாவது மாடிக்குத் தோளில் சுமந்தான். சாக்கடையா?

மே 7

வீடியோவைப் பார்த்தேன். சட்டையை இன் பண்ணிய ஒருவன். முத்துக்குமரனாம், ஏதோ வாட்டர் ஃபில்டர் கம்பெனியின் ஏரியா மேனேஜர். மேஜையில் இரண்டு டம்ளர். ஒன்றில் அவன் மெஷின் தண்ணீர், இன்னொன்றில் என் தண்ணீர். பக்கத்தில் என் கேன், ஸ்டிக்கர் கேமராவைப் பார்த்தபடி. கம்பி வைத்த ஒரு பெட்டியை இரண்டிலும் விட்டு சுவிட்சைப் போடுகிறான். அவனுடையது அப்படியே இருக்கிறது. என்னுடையது மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே கசடு மிதக்கிறது. பின்னால் பெண்கள் குரல் – அய்யய்யோ.

"இதைத்தான் மேடம் பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்க."

எனக்குத் தெரியாதா இந்த வித்தை? தண்ணீரில் உப்புச்சத்து இருந்தால் கரண்ட் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். அந்தப் பழுப்பு கம்பியின் துருதான், தண்ணீரின் அழுக்கு இல்லை. உப்பையெல்லாம் உருவியெடுத்த தண்ணீரில் கரண்ட் பாயாது, கம்பியும் கரையாது. நான் வேண்டுமென்றேதான் கொஞ்சம் உப்புச்சத்தை விட்டுவைக்கிறேன். "உங்க தண்ணிதான்ணே ருசி" என்று இதே வீட்டுக்காரர்கள் சொன்னது அதனால்தான். ருசிக்கு விட்டது இப்போது அழுக்காகிவிட்டது.

மே 8

கோரிப்பாளையம் பிரியாணிக் கடை பாயிடமிருந்து போன். அங்கேயும் வீடியோ போய்விட்டது.
"நீங்களுமா பாய் நம்புறீங்க?"
"நான் நம்பல. கஸ்டமர் கேக்குறானே."

மே 11, ஞாயிறு

சிவபாண்டி வந்தான். அவனும் கேன் தண்ணீர்தான், எனக்குப் போட்டி. பெண்டாட்டி நகையை வைத்துப் போன வருஷம் அவனியாபுரத்தில் சின்னதாய் ஆரம்பித்தவன். "இன்னைக்கு உங்க கேனு, நாளைக்கு என் கேனு. சேந்து போவோம்ணே" என்றான். அந்த அடுக்குமாடிக்குப் போனோம்.

கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சத்யப்ரியா. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். அந்த முத்துக்குமரனையும் வரச்சொல்லியிருந்தார். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

அவன் கம்பியையே வாங்கினேன். அவன் மெஷின் தண்ணீரையே ஊற்றச் சொன்னேன். கம்பி விட்டேன், ஒன்றுமில்லை. அப்புறம் அவர்கள் அடுப்படியிலிருந்தே ஒரு சிட்டிகை உப்பு. சுவிட்சைப் போட்டதும் பொங்கிற்று பாருங்கள் – என் தண்ணீரைவிடக் கேவலமான பழுப்பு.

"இப்ப எங்கிருந்தும்மா வந்துச்சு இந்த அழுக்கு?" என்றேன்.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சத்யப்ரியா மெதுவாகக் கேட்டார்: "அப்ப உப்புலயும் இம்புட்டு அழுக்கா?"

"கரெக்ட் மேடம்!" என்றான் முத்துக்குமரன். "அவரே ஒத்துக்கிட்டாரு."

இல்லம்மா, கம்பி கரையுதும்மா, என்று தொண்டை வறளச் சொன்னேன். "அப்ப முதல்ல அவரு தண்ணியில ஏன் கரையல?" என்றது ஒரு பெண். விளக்கினேன். விளக்க விளக்க நான்தான் திருடன் மாதிரி ஆனேன். கண்ணால் பார்த்ததற்கு முன்னால் வாய்ப்பேச்சு எம்புட்டு நேரம் நிற்கும்?

சிவபாண்டிக்குப் பொறுக்கவில்லை. என் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து எல்லோர் முன்னாலும் குடித்தான். பனியன் போட்ட ஒருத்தர் சொன்னார்: "இப்ப ஒண்ணும் ஆவாது மாப்ள. பத்து வருஷம் கழிச்சுல்ல தெரியும்." சிரிப்பு.

சாயங்காலம் காளை சேதி கொண்டுவந்தான். எந்த உப்பு வாங்கலாம் என்று அவர்கள் குரூப்பில் விவாதமாம்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். தண்ணீர்ப் பந்தலுக்கு எண்பது கேன் இலவசமாக அனுப்பினேன். அங்கே ஒருத்தனும் கம்பி விட்டுப் பார்க்கவில்லை. மடக் மடக்கென்று குடித்தார்கள்.

மே 16

"உப்புச்சத்து விடுற வால்வை மூடிருவோமாண்ணே? அப்ப கம்பி விட்டாலும் ஒண்ணும் ஆவாதுல்ல" என்று காளைதான் யோசனை சொன்னான். முந்தாநாள் மூடினேன். இன்று நம் தண்ணீர் வாங்குகிற ஓட்டல்காரர் ஒருத்தர் போன்: "தண்ணி சப்புன்னு கெடக்கு, என்னத்தய்யா கலக்குறீங்க?"

திறந்துவிட்டேன்.

வக்கீலையும் பார்த்தேன். கேஸ் போடலாமாம், நிற்குமாம். வருஷம் மூன்றாகுமாம். மூன்று வருஷம் கழித்து யாருக்குத் தண்ணீர் விற்க?

மே 21

முத்துக்குமரன் என் ஆபீசுக்கே வந்தான். தைரியம்தான். வில்லாபுரம் டீலர்ஷிப்பை எனக்குத் தருவதாகப் பேச்சு.

"கோவிச்சுக்காதீங்க சார். எனக்கும் டார்கெட் இருக்கு. நான் டிப்ளமோ படிச்சவன், கம்பி என்ன செய்யும்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமாடா செய்ற?"

"உங்க ஸ்டிக்கர்ல பனிமலை போட்டிருக்கீங்களே சார். தண்ணி அங்கிருந்தா வருது?"

வெளியே போ என்றேன். போனான். ஆனால் பேச்சுக்கு நடுவில் என் கேனில் பிடித்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் போனான். அதுகூடப் பரவாயில்லை. பனிமலைக்கு என்ன பதில் சொல்ல? அச்சடிக்கிறவன் போட்டான், அழகாயிருக்கிறதென்று விட்டேன். யாரும் அதை நம்பித் தண்ணீர் வாங்கவில்லை. வாங்கவில்லைதானே?

மே 27

பாதி வண்டி கூட நிரம்பவில்லை. பேங்க் தவணை தேதி தாண்டிவிட்டது. காளை வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"நான் வேற எங்கயாச்சும் பாக்கவாண்ணே? ஒங்களுக்குப் பாரமா இருக்கேனோன்னு."

இந்த வாரம் பொறு என்றேன். இதே மாதிரி போன வாரமும் சொன்னேன்.

மே 30

சிவபாண்டி போன். மெஷின் வாங்க வசதியில்லாத வீடுகள் வில்லாபுரத்தில் அவனிடம் கேன் கேட்கின்றனவாம். "ஒங்களக் கேக்காமப் போட மாட்டேன்ணே."

"போடு" என்றேன். வேறென்ன சொல்ல?

என் கேன் சாக்கடை, அவன் கேன் கங்கை. இரண்டும் ஒரே ஊர் நிலத்தடித் தண்ணீர், ஒரே மாதிரி மெஷின். அவன் தண்ணீரில் கம்பி விட்டாலும் இதே பழுப்புதான் வரும். விடத்தான் ஆளில்லை. நல்லவன்தான் அவன், எனக்காக அத்தனை பேர் முன்னால் குடித்தவன். அப்படியிருந்தும் போனை வைத்த பிறகு வயிறு எரிந்தது. எழுதத்தானே வைத்திருக்கிறேன் இந்த டைரியை, எழுதிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

முத்துக்குமரனை நான்தான் கூப்பிட்டேன். பேசி முடித்தாயிற்று.

வில்லாபுரம், அவனியாபுரம் இரண்டு ஏரியாவும் எனக்கு. விற்கிற மெஷினுக்கு இரண்டாயிரத்து ஐநூறு கமிஷன். மாட்டிக் கொடுக்கிற கூலி முந்நூறு காளைக்கு, தனியாக. அந்த வீடியோவை அவர்கள் எடுத்துவிட வேண்டும். முடிந்தவரை என்றான், சரி என்றேன். டெமோ மேஜையில் இனி என் கேன் வரக் கூடாது.

"அப்ப யாரு கேன வைக்கட்டும் சார்? ஊருக்குத் தெரிஞ்ச கேனா இருந்தாத்தான் ஜனங்க பதறும்."

சிவபாண்டியின் நம்பரைக் கொடுத்தேன்.

வாரம் நாலு கேன் அவனிடம் வாங்குவார்கள். கேனுக்கு முப்பது ரூபாய், கைக்குக் கை ரொக்கம். அதைக் கம்பெனியே கொடுத்துவிடும்.