டவுட் என்று நான் எழுதியது

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் அவள் பக்கத்தில் இருப்பாள், எனக்கு நாக்கு குழறும், அம்மா நடுவில் புகுந்து வேறு கதை பேசுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் பக்கத்துக் கவுன்ட்டர் பெண் ஆங்கில வகுப்புக்குப் போகிறாள் என்று சொன்னேன் இல்லையா, அவளிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. இடப்பக்கம் நம்மைப் போன்றவர்கள் பேசும் தப்பு வாக்கியம், வலப்பக்கம் சரியானது. கூட்டம் இல்லாத நேரத்தில் எனக்கும் படித்துக் காட்டுவாள். டுடே மார்னிங் என்று சொல்லக் கூடாதாம், திஸ் மார்னிங்காம். ரிட்டர்ன் பேக் தப்பாம், ரிட்டர்ன் போதுமாம். கசின் பிரதரில் பிரதர் வேண்டாமாம், அப்புறம் அவன் ஆணா பெண்ணா என்று எவனுக்குத் தெரியும் என்று சண்டை போட்டேன். டாக்டர்களின் கிறுக்கலையே முப்பது வருஷமாகப் படிக்கிறவன், எனக்கா ஆங்கிலம் வராது என்ற திமிர்தான். போன செவ்வாய்க்கிழமை மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தால், இடப்பக்கத்தில் என் வாக்கியம் இருக்கிறது. ஐ ஹேவ் எ டவுட் தப்பு, ஐ ஹேவ் எ கொஸ்டின் சரி. டவுட் என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாம். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் போனை எடுத்துப் பார்த்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மருமகளுக்கு நான் அனுப்பிய மெசேஜ் இதுதான்: ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபவுட் யூ, ப்ளீஸ் க்ளியர் தெம் பிஃபோர் யூ கம். அடுத்த மாதம் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் நாலு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் கை தூக்கி டவுட் கேட்டுத்தானே வளர்ந்தோம். அவள் ஓகே என்று ஒரு வார்த்தை அனுப்பினாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தலை காட்டவே இல்லை. வேலை என்று நீ சொன்னாய், நானும் மண்டையை ஆட்டினேன். அம்மாவிடம் சொன்னதற்கு, அந்தப் பெண் எவ்வளவு அழுதாளோ, உங்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு ஒன்றுதான் தாங்கவில்லை. அவளுக்கு நம் ஆங்கிலம் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமே, அவள் உன்னிடம் காட்டாமலா இருந்திருப்பாள். அப்பா அப்படிச் சொல்லவில்லை, கேள்வி கேட்கிறார் என்று ஒரு வார்த்தை நீ ஏன் சொல்லவில்லை? இதை நினைத்து நினைத்து எனக்கே பதில் தெரிந்துவிட்டது. நீ அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது பாஷை தெரியாத பெண், ஒத்துப்போகுமா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன் நான். லீவு கிடைக்கவில்லை என்று கல்யாணத்துக்கும் வரவில்லை. கேட்டிருந்தால் லீவு கிடைத்திருக்கும், நான் கேட்கவே இல்லை. அன்றைக்கு இருந்தது அசல் சந்தேகம். அதனால் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டாய், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தப்பு என்னுடையது, இலக்கணத் தப்பு மட்டும் இல்லை.

நான் கேட்க நினைத்ததைத் தனித்தாளில் ஆங்கிலத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கவுன்ட்டர் பெண் திருத்திக் கொடுத்தாள். காரம் எவ்வளவு தாங்குவாள், ஜன்னல் பக்கம் படுப்பாளா, செருப்பு அளவு என்ன, பூனை என்றால் பயமா. அதை அவளிடம் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தையும் ஒரு வரி விடாமல் படித்து அர்த்தம் சொல்ல மறக்காதே, எனக்குக் கௌரவம் பார்த்து எதையும் விழுங்காதே. இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருங்கள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

கடைசிக் கேள்வியை மட்டும் கவுன்ட்டர் பெண்ணிடம் காட்டக் கூச்சமாக இருந்தது, அதனால் தாளில் இல்லை. நீயே கேட்டுச் சொல். கல்யாணத்துக்கு வராதவனை அப்பா என்று கூப்பிட மருமகளுக்கு மனம் வருமா?

இப்படிக்கு,
உன் அப்பா