முறுக்குப் பார்சல்

ஏனுங்க,

போன்ல பேசினா அத்தை பக்கத்துலயே இருக்காங்க, அதான் எழுதறேன். அங்க குளிர் குறைஞ்சுதுங்களா?

எங்க சரவணம்பட்டி ஆபீசுக்கு நானே இன்டர்வியூ பண்ணி எடுத்த மணிப்பூர்ப் பொண்ணு லிந்தோய், வேலையே வேண்டாம்னு ஊருக்குப் போயிட்டாளுங்க. அவளுக்கு யாருமே வீடு தரலை. நம்ம மாடி காலிதானேன்னு கூட்டிட்டு வந்தேன். அவ மூஞ்சியப் பாத்ததும் அத்தை, "நேத்துத்தான் வேற ஆளு அட்வான்ஸ் குடுத்தாங்க கண்ணு"ன்னு சொல்லி, காபி குடுத்து அனுப்பிப்போட்டாங்க. நானும் அவளை பஸ் ஏத்தி உட்டுட்டு வந்துட்டேனுங்க. டூலெட் போர்டு இன்னும் வாசல்லதான் தொங்குது.

ஜெர்மனியில உங்களுக்கு மாடியக் குடுத்த அந்தம்மாவுக்குன்னு அத்தை முறுக்கு சுட்டிருக்காங்க. "எங்கிருந்தோ வந்த புள்ளைக்கு இடங்குடுத்த மகராசி"ங்கறாங்க. நாந்தான் மாவு பிசைஞ்சு குடுத்தேன்.

உங்க அம்மணி