விசாரித்துப் பார்த்த சம்பந்தம்

ஒக்டோபர் 5, ஞாயிறு
மகள் யசோதினி, தான் விரும்பும் பெடியனின் பெயரைச் சொல்லிவிட்டாள். கிரிகோரி. இங்கே பிறந்த போலந்துக்காரன். மனைவியின் தம்பி ஐங்கரன் உடனே, "அத்தான், ஆக்களை விசாரிக்காமல் தலையாட்டிப் போடாதேங்கோ" என்றான். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். அவனுக்கும் ஆட்டினேன்.

ஒக்டோபர் 9, வியாழன்
யாழ்ப்பாணம் என்றால் ஊருக்கு ஒரு போன். மூன்று தலைமுறையும் வெளியில் வந்துவிடும். போலந்துக்கு யாருக்கு எடுப்பது? நான் கோப்பை கழுவும் ரெஸ்ரோறண்டுக்குச் சுவர் பூச வந்த போலந்துக்காரனைப் பிடித்து, தேத்தண்ணி கொடுத்து, "நல்ல குடும்பமோ, உங்கட ஆக்களிட்டைக் கேட்டுச் சொல்லு" என்றேன். என் பிரெஞ்சு அவனுக்கு விளங்கியதே அதிசயம்.

ஒக்டோபர் 14, செவ்வாய்
பதில் வந்தது. 1940இல் சோவியத் ஆட்கள் அந்தக் குடும்பத்தைச் சரக்கு ரயிலில் ஏற்றி, கசக்ஸ்தான் புல்வெளியில் இறக்கிவிட்டார்களாம். கிரிகோரியின் தகப்பன் அங்கேதான் பிறந்தவர். போர் முடிந்து திரும்பினால், அவர்களின் ஊர் வேறு நாட்டுக்குள்.

ஐங்கரனுக்குச் சொன்னேன். "சும்மா ஏத்துவாங்களோ? ஏதேனும் செய்திருப்பினம்" என்றான்.

சீ! அகதி விசாரணையில் என்னிடம் கேட்டதும் இதைத்தானே — ஒன்றும் செய்யாத உன்னை ஆமி ஏன் தேடினது? அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு அவனுக்கு "ஓம், அதுவும் சரிதான்" என்றுவிட்டேன். நானெல்லாம் என்ன மனுசன்?

ஒக்டோபர் 17, வெள்ளி
போலந்துக்காரரும் எங்களைப் போலத்தான். நான் விசாரித்த கதை கிரிகோரியின் தகப்பனின் காதுக்கே போய்விட்டது. யசோதினி போனில் முழுக்கப் பிரெஞ்சில் கத்தினாள். கடைசியில் மட்டும் தமிழ்: "வெக்கமா இருக்கு அப்பா. இனி வீட்டை வரமாட்டன்."

ஒக்டோபர் 26, ஞாயிறு
ஸ்தேன் புறநகரில் கிரிகோரியின் தகப்பன் வீட்டுக்குப் போனேன். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பலகாரப் பெட்டியை முன்னுக்குப் பிடித்தபடி. எண்பது தாண்டிய மனுசன். கதவைத் திறந்து, "பொலிஸ் வந்திட்டுது" என்று சிரித்தார். கோப்பி தந்தார்.

"எங்களைப் பற்றியும் முதலிலை ஒருத்தன் அக்கம்பக்கத்திலை விசாரிச்சவனாம். அம்மா சொல்லுவா. பிறகுதான் ரயில் வந்தது."

கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"கேக்கிறதை என்னட்டையே கேளுங்கோ" என்றார்.

"பிள்ளையளோடை சாப்பிட வருவியளோ?" வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு
மூவரும் வந்தார்கள். யசோதினி வாசலில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றினாள். நண்டுக் குழம்பின் உறைப்பில் கிழவரின் மூக்கு தக்காளி.

நடுவில் ஐங்கரனின் போன். அவனுடைய பெறாமகனுக்கு, அண்ணனின் பிள்ளைக்கு, எங்கள் தெருவில் ஒரு பெட்டை பார்க்கிறார்களாம். "கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கோ, அத்தான்."

தலை பழக்கதோசத்தில் ஆட வெளிக்கிட்டது. பிடித்து நிறுத்திவிட்டு, "ஏலாது" என்றேன்.