ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர்?

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் ராஜா மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

உன் மகள் பாடத்தில் ‘க்ளட்’ (glut) என்ற இங்கிலீஷ் சொல் வந்ததாமே! மேனேஜருக்கே இங்கிலீஷில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார். லத்தீனில் ‘விழுங்கு’ என்பதிலிருந்து வந்தது. முதலில் வயிறு முட்டத் தின்பதைச் சொன்னார்கள். பிறகு விற்காத சரக்கு குவிவதையும்.

எங்கள் குடோனிலும் அதே கதை. மெத்தைகள் கூரையை முட்டுவதால் ஒரு ஆளைக் குறைத்தார்கள். நான் வேலை வாங்கிக்கொடுத்த அறைத்தோழன் முந்திக்கொண்டான். “அண்ணனுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியலைங்க” என்று மேனேஜரிடம் சொன்னானாம். அதை அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

கவலைப்படாதே, பத்துக் கம்பெனி என்னைக் கூப்பிடுகிறது. அவன் அறை மாறிவிட்டான். ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர் அரிசி போடணும் என்று எழுது. தினமும் பாதிப் பானை மிஞ்சுகிறது.

அவசரமாக,
உன் தம்பி