மஞ்சள் கொதிக்கும் கார்

உங்கள் காரை நான் வாங்கிவிட்டேன், அண்ணே. வெள்ளிக்கிழமை விழுப்புரம் போய், அண்ணியிடம் பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டேன். திண்டிவனம் திரும்பும் வழியில், விக்கிரவாண்டி தாண்டியதுமே முன்பக்கம் ஆவி கிளம்பிவிட்டது. புளியமரத்தடியில் ஓரம் கட்டி, கொஞ்சம் பொறுத்து, சாக்கை மடித்துப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். முகத்தில் அடித்தது வெந்த மஞ்சள் வாசனை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதம் ஆகிறது. அந்த வாசனை பட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. பழைய பொறாமைதான் வந்தது.

ஒழுகுகிற ரேடியேட்டருக்கு மஞ்சள் தூள் போடுவது உங்கள் வைத்தியம். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன கார் அது. உங்கள் கைக்கு வரும்போதே கிழடு. ஃபேன் பெல்ட்டை மாற்றினீர்கள், ரப்பர் குழாயை மாற்றினீர்கள், ஓட்டையில் சோப்பை அப்பினீர்கள். கடைசியில் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினீர்கள். கொதிக்கிற தண்ணீரில் அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் தாங்கும். பிறகு மறுபடியும் ஆவி, மறுபடியும் தண்ணீர்.

திண்டிவனம் மண்டியில் முதுகில் மூட்டை சுமந்து, பிறகு சொந்தக் கடை போட்டு, புதுக் கார் வாங்கியவன் நான். என் கார் ஒரு நாளும் சூடானதில்லை. விழுப்புரத்திலிருந்து கிளம்பினால் திண்டிவனத்தில்தான் நிற்கும். வழியில் நீங்கள் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போவேன். நீங்களும் கையாட்டுவீர்கள்.

அப்படி ஹாரன் அடித்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். அந்த ரோட்டு ஊர்களில் விளைந்த வேர்க்கடலை, அந்த மல்லாட்டை முழுக்க உங்கள் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் விலை கூடச் சொல்லி ஆள் அனுப்பினாலும் ஒரு மூட்டைகூட என் பக்கம் திரும்பவில்லை. காரணம் தெரியாமல் தூக்கம் கெட்டது.

ஒருநாள் உங்கள் காருக்குப் பின்னாலேயே நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இதே புளியமரம். ரோட்டோரக் கிணற்றுக்காரி பூங்காவனம் இடுப்பில் குடத்தோடு வந்தாள்.

"இன்னாங்க, உங்க காரு வயசுக்கு வந்துதான் எத்தினி நாளாவுது? இன்னும் எத்தினி வாட்டி மஞ்சத் தண்ணி ஊத்தறது?"

"அத்தக்காரி நீ சீர் செய்யாம கீறியே, அப்புறம் எப்படி முடியும்? களத்துல எத்தினி மூட்ட கீது, சொல்லு."

சூடான என்ஜினில் உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் விரிசல் விடும். அதனால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் உங்கள் கடையே நடந்தது. மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். அவள் மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தீர்கள். அடுத்த நிலத்துக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். என்ஜின் ஆறுவதற்குள் விலை முடிந்துவிட்டது. அத்தனை நாளாக அந்த ரோட்டில் போய் வந்த என்னை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

"அந்தக் காரு ஆருதுங்க?"

"நம்ம தம்பிதான். திண்டிவனம். எப்பவும் ஜல்தியா போற ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்துகொண்டிருந்தது. உங்கள் கிடங்கையோ பணத்தையோ பார்த்து எனக்கு எரிந்ததில்லை. அதையெல்லாம் நானும் சம்பாதித்துக்கொள்வேன். நின்ற இடத்தில் நாலு பேர் குடத்தோடு ஓடி வருகிறார்களே, அதை எந்தச் சந்தையில் வாங்குவது?

அடுத்த வாரம் நானும் அங்கே காரை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பூங்காவனம் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை மாட்டை ஓட்டிக்கொண்டே கத்தினாள். "ஒதுங்கறதுன்னா அந்தாண்ட பக்கம் போங்க. இங்க பொம்பளைங்க வேல செய்றோம்."

அதற்குப் பிறகுதான் மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி, உங்கள் காருக்குப் பொருந்துகிற நல்ல ரேடியேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கார் நிற்காவிட்டால் நீங்களும் நிற்கமாட்டீர்கள் என்பது என் கணக்கு. அன்பளிப்பு என்று சொல்லித்தான் கொடுத்தேன். வியாபாரி செய்கிற வேலை அது. இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கமில்லை. நீங்களும் கும்பிட்டு வாங்கி மாட்டிக்கொண்டீர்கள். அறுவடை முடிவதற்குள் அதைக் கழற்றி, நான் அனுப்பிய அதே சாக்கில் சுற்றி, என் கடைக்கே கொண்டுவந்து வைத்தீர்கள்.

"சாமான் நல்ல சாமான் தம்பி. மெட்ராஸ் வரைக்கும் நிக்காம போவுது. அதான் பேஜாரு."

"நீங்களா நிறுத்திக்கலாமேண்ணே?"

"நிறுத்திப் பாத்தேன். ஆவி வந்தாதான் வர்றாங்க. சும்மா நின்னுகினு இருந்தா, கடன் கேக்க வந்தவன்னு நெனச்சிக்கிறாங்க. என் ஏவாரமே அந்த ஓட்டையிலதான் ஒழுவுது. இத நீயே வெச்சிக்கோ."

காப்பி குடித்துவிட்டுப் போனீர்கள். என் எண்ணம் தெரிந்துதான் சொன்னீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த ரேடியேட்டர் இன்னும் என் கிடங்குப் பரணில்தான் கிடக்கிறது.

மாசியில் நீங்கள் போனபோது, அந்த ரோட்டு ஊர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தன. மாலையோடு நின்ற நான், எனக்கு இத்தனை வண்டி வருமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? காரைப் பழைய இரும்புக்குக் கேட்டு ஒருவர் வந்திருப்பதாக அண்ணி சொன்னதும், அதற்கு மேல் கொடுத்து நான் எடுத்தேன். ஞாபகத்துக்காக என்று அண்ணி நினைத்துக்கொண்டார்கள். நான் வாங்க நினைத்தது அந்த ரோட்டை.

வெள்ளிக்கிழமை, மஞ்சள் வாசனை அடங்குவதற்குள் பூங்காவனம் குடத்தோடு வந்துவிட்டாள். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"காரு வந்துச்சி. அவரு வர்லியே."

நான் குடத்துக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"சூடு எறங்கட்டும். அவரு ஒடனே ஊத்த உடமாட்டாரு."

மரத்தடியில் இரண்டு பேரும் நின்றோம். சும்மா நிற்க எனக்குத் தெரியாது. களத்தில் எத்தனை மூட்டை என்று கேட்டுவிட்டேன்.

"காரு வாங்கினா மல்லாட்டையும் கூடவே வந்துடும்னு நெனச்சீங்களா?"

நான் சாக்கை உதறி மடித்தேன். அவளே தொடர்ந்தாள். "உங்ககிட்ட புது ரேடியேட்டரு கீதாமே. இதுல மாட்டிடுவீங்களா?"

"யாரு சொன்னது?"

"அவருதான். 'என்னிய இங்க நிக்கவுடாம பண்ண ஒரு வழி கண்டுபுடிச்சான் பாரு எங்க தம்பி, அவன் கெட்டிக்காரன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எங்க களத்துல எல்லாத்துக்கும் தெரியும்."

ஆக, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் தந்திரத்தையும் எடுத்துப்போய், இந்த மரத்தடியில் கதையாக்கி, அதிலும் இவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள். பொறாமை தலைக்கு ஏறியது. ஆனால், எங்க தம்பி என்று அவள் உங்கள் குரலில் சொன்னது மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அது எனக்காக நீங்கள் விட்டுப்போனதா, தெரியாது. எடுத்துக்கொண்டேன்.

"மாட்டமாட்டேன்," என்றேன்.

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். என்ஜின் ஆறுவதற்குள் பேசி முடித்தோம். எடை அவள் களத்தில், அவள் தராசில். பணம் அன்றைக்கே கையில். விலை உங்களுக்கு அவள் கொடுத்த அதே விலை: மெட்ராஸ் விலையில் லாரி வாடகையும் கமிஷனும் போக மீதி. கார் கொதித்தாலும் கொதிக்காவிட்டாலும் இங்கே நிற்க வேண்டும். தண்ணீர் அவளுடையது; மஞ்சள் தூள் என்னுடையது.