இடது தோள் மான்

அத்தா,

இன்று மதியம் தபாலில் ஒரு உறை வந்தது. பிரித்ததும் உங்கள் தையல் மெஷின் எண்ணெயின் வாசம். பட்டாளத்தில் உங்கள் பழைய பிரிகேடுக்கு நீங்கள் அனுப்பிய துணிச் சின்னம் திரும்பி வந்திருக்கிறது. சிவப்பில் ஓடும் வெள்ளை மான்.

அந்தப் பிரிகேடில் நீங்கள் தையல்காரர். போர்முனைக்குக் கிளம்பும் முன், எந்தப் படை என்று எதிரிக்குத் தெரியக் கூடாதென்று எல்லோருடைய சட்டைத் தோளிலிருந்தும் மானைப் பிரித்தெடுத்தீர்கள். சண்டை முடிந்து வந்ததும் திருப்பித் தைத்தீர்கள். "எடுத்தது அம்புட்டுக்கும் சட்டை திரும்பி வரலம்மா" என்பீர்கள். அதற்கு மேல் கேட்டால் கத்தரியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

மிஞ்சியதில் ஒரு ஜோடி, லாரி ஓட்டிய உங்கள் உசிலம்பட்டி நண்பருடையது. இடது தோள் மானை அவர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். வலது தோள் மான் உங்கள் மெஷின் டிராயரில் தங்கிவிட்டது. பிறகு பிரிகேடையே கலைத்துவிட்டார்கள்.

பல வருடம் கழித்து அதை மறுபடி உருவாக்கியபோது, பழைய சின்னம் யாரிடமாவது இருக்கிறதா என்று கடிதம் வந்தது. டிராயரிலிருந்த மானை நீங்களே நடந்துபோய்த் தபாலில் சேர்த்தீர்கள். புதுச் சின்னத்தோடு அவர்கள் அணிவகுத்த படம் வந்த அன்று பூதக்கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"இடது தோள்ல மான் பின்னால ஓடுதும்மா. ஒத்தைய அனுப்பிட்டேன்ல, ரெண்டு பக்கத்துக்கும் அதையே அடிச்சுட்டாக."

எந்தத் தோளானாலும் மான் முன்னோக்கித்தான் ஓட வேண்டுமாம். அதனால் தைக்கும் முன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடதும் வலதும் எதிரெதிர்த் திசையில் இருக்க வேண்டும்.

"பட்டாளத்துக்கே தப்புச் சொல்லப் போறீகளா அத்தா?"

"தப்பு என்னோடது. கம்ப்யூட்டர் மெஷினுக்கு என்ன தெரியும், சண்டைக்குப் போறமா, வீட்டுக்கு ஓடியாறமான்னு. நீ எழுது."

நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அதன்பின் தினமும் தபால்காரரை மறித்தீர்கள். ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி: "ஒரு டெய்லர் சொன்னா கேப்பாகளாம்மா?" கேட்பார்கள் என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. இதைச் சொல்லாமலே உங்களை அடக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

உறைக்குள் இன்னொரு மானும் இருந்தது, புத்தம் புதிது. எல்லோருக்கும் மாற்றித் தைத்தாயிற்று என்று ஒரு வரிக் குறிப்பு. இரண்டையும் மெஷின் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் ஓடியது. மறுபடி தப்பாகிவிட்டதோ என்று ஒரு கணம் பதறினேன்.

இப்போதெல்லாம் சீருடையில் யாரைக் கண்டாலும், பஸ் ஸ்டாண்ட் காவலாளியானாலும், என் கண் முதலில் இடது தோளுக்குத்தான் போகிறது. நீங்கள் வைத்துவிட்டுப் போன பழக்கம்.

கதவைச் சாத்திவிட்டு, பழையதை வலது தோளிலும் புதியதை இடது தோளிலும் வைத்துக் குனிந்து பார்த்தேன்.

இரண்டும் முன்னால்தான் ஓடுகின்றன, அத்தா. கேட்டிருக்கிறார்கள்.